தூக்காமல் கூட்டிப் போ

கொச்சி
12 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிவக்குமார் எழுதுகிறேன். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை என் வீட்டுக்காரி அன்னக்கொடி போனில் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்துவிட்டாய். ஐந்து வருஷமாக என் குரல் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்கிறாய். சரி, எழுத்தாவது வரட்டும் என்று தபாலில் போடுகிறேன். தபால்காரர் விளாங்குடி வெயிலில் வாசலில் நின்றால் வாங்காமல் அனுப்ப உனக்கு மனசு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் சுற்றுலாக் கப்பல் இந்த மாதத்திலிருந்து கொச்சியில்தான் நிற்கிறது. வாரம் ஒருமுறை லட்சத்தீவுப் பக்கம் போய் நாலு ராத்திரி கழித்துத் திரும்பும். ஜனவரி முடிந்ததும் வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடும். பிறகு இந்தப் பக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊழியர் வீட்டு ஆள் ஒருவரையும் துணைக்கு இன்னொருவரையும் ஒரு தடவை கூட்டி வரலாம் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். அன்னக்கொடியைக் கேட்டேன். "எனக்குப் பக்கத்துப் பரவைக்குப் போற பஸ்ஸே கொமட்டும், கப்பலுக்கு எங்கிட்டு வாரது? மதினியக் கூட்டிட்டுப் போங்க. அவுகதேன் கடல் கடல்னு கெடந்தவுக" என்றாள்.

அவள் சொன்னது நிஜம்தானே? எட்டாம் வகுப்பில் நீ உலகப் படத்துக்கு வண்ணம் தீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நாடுகளை எல்லாம் விட்டுவிட்டுக் கடலுக்கு மட்டும் நீலத்தை அழுத்தி அழுத்தித் தீட்டினாய். அரபிக்கடல் கிழிந்தே போனது. அப்புறம் ஒரு தடவை ராமேஸ்வரம் போனோம். மணலில் உன்னால் வர முடியாது என்று வேனிலேயே உட்கார வைத்துவிட்டோம். இரண்டு பஸ்களுக்கு நடுவே தெரிந்த அளவுதான் நீ பார்த்த கடல். இங்கே அப்படியில்லை அக்கா. காலையில் கண் விழித்தால் நாலு பக்கமும் அதுதான். கரை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிறது.

சக்கர நாற்காலியோடு எப்படிக் கப்பலில் ஏறுவது, இறங்குவது என்று யோசிக்காதே. படிக்கட்டு வந்தாலும் வாசல்படி வந்தாலும் நான் இருக்கிறேன். பூ மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

பதில் போடு.

இப்படிக்கு,
சிவா


விளாங்குடி
25 அக்டோபர் 2024

சிவக்குமாருக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தாய். முடிக்கிற இடத்தில் கெடுத்துவிட்டாய்.

நான் கப்பலூர்க் கம்பெனியில் ரப்பர் வாஷர் சோதிக்கும் மேஜையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் விழுந்ததைத் தனியே எடுத்துப் போடுவது என் பிழைப்பு. உன் கடிதத்தில் கீறல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "பூ மாதிரி தூக்கிக்கொண்டு." அதே வார்த்தை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாண மகாலில் சொன்ன அதே வார்த்தை.

உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. உன் மகள் பாண்டிமீனாவின் சடங்கு. அத்தை நான்தான் முதலில் நலுங்கு வைக்க வேண்டும். "கீழ்தளம்தானே?" என்று போனில் இரண்டு தடவை கேட்டேன். "ஆமாக்கா" என்றாய். வந்து பார்த்தால் கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மேடை. லிஃப்ட் கிடையாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பின்னாலிருந்து வந்து அள்ளித் தூக்கிவிட்டாய். "எங்கக்கா பூ மாதிரி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். சேலை முழங்காலுக்கு ஏறியது. இரும்புப் பட்டை போட்ட என் இரண்டு காலும் ஊருக்கே தெரிந்தது. வீடியோக்காரன் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினான். "எறக்குடா" என்று மூன்று தடவை சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே படி ஏறினாய்.

என் முறையைச் செய்துவிட்டு நானாகவே இறங்கினேன். இருபத்திரண்டு படி. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதில் பட்டுச்சேலை கிழிந்தது. கடைசிப் படியில்தான் உன்னிடம் சொன்னேன், "இனிமே ஒங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் இது.

எனக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காலைத்தான் எடுத்துக்கொண்டது. வாயை எடுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கப்பலுக்கு வரமாட்டேன்.

பாண்டீஸ்வரி

பின்குறிப்பு: வரப்போவதில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அறைக் கதவு எத்தனை அங்குலம்?


கொச்சி
9 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏழெட்டு தடவை படித்துவிட்டேன். மகால் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். பாசத்தில் செய்தது எப்படி அவமானம் ஆகும் என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறேன். ஆனால் "தூக்குவேன்" என்று மறுபடியும் எழுதியது தப்பு. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கதவு விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம். நான் தினமும் பதினான்கு அறைகளுக்குப் படுக்கை விரிக்கிறவன். ஆனாலும் கணக்காகச் சொல்ல டேப் எடுத்துப் போய் அளந்தேன். சாதாரண அறைக் கதவு இருபத்து மூன்று அங்குலம். உன் நாற்காலி இருபத்தைந்து என்று அன்னக்கொடி சொன்னாள். ஆக அதில் நுழையாது. ஆனால் நாற்காலியில் வருகிறவர்களுக்கென்றே ஆறாம் தளத்தில் நாலு அறைகள் இருக்கின்றன. அந்தக் கதவு முப்பத்திரண்டு அங்குலம். குளியலறைக்கு வாசல்படி கிடையாது. சுவரில் மடக்கி வைக்கும் இருக்கை உண்டு, அதில் உட்கார்ந்து குளிக்கலாம். பிடித்துக்கொள்ளக் கம்பி இரண்டு பக்கமும் இருக்கிறது. நான் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. இந்த நாலு அறைகளும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் எல்லோரும் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்கிறார்கள்.

நாலில் எது நல்லது என்றால் 6114. கப்பலின் நடுவில் இருக்கிறது. முன்கோடியிலும் பின்கோடியிலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. லிஃப்ட்டும் பக்கத்தில்தான்.

நேற்று அந்த அறை காலியாக இருந்தது. சுத்தம் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மத்தியான வெயில் கடலில் பட்டுத் தெறித்துக் கூரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. கூரை முழுக்க வெளிச்சம் நெளிகிறது அக்கா. படுத்தால் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிற மாதிரி இருக்கும். நீ படுத்துக்கொண்டே பார்க்கலாம். எங்கும் போக வேண்டியதில்லை, எதிலும் ஏற வேண்டியதில்லை.

வரப்போவதில்லை என்கிறாய். சும்மா தெரிந்துகொள்ளத்தான் நானும் எழுதினேன். 6114-க்கு உன் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

சிவா


விளாங்குடி
23 நவம்பர் 2024

சிவக்குமாருக்கு,

கம்பியில் தொங்கிப் பார்த்தாயாம். உன் உடம்புக்குத் தாங்கினால் எனக்கு ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும்.

நீ எழுதியதில் பல ஓட்டை இருக்கிறது. அறைக்குள் நுழைந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். கப்பல் ஆடும்போது நாற்காலி தானாக உருண்டு சுவரில் முட்டினால் என்ன செய்வது? டயர் பஞ்சரானால் நடுக்கடலில் யார் ஒட்டுவார்கள்? என் கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம் இருந்தால்தான் நான் மாறி உட்காருவேன், அந்தக் கட்டில் எத்தனை அங்குலம்? மேல்தளத்துக்குப் போகிற கதவின் அடியில் வாசல்படி மாதிரி இரும்பு வரம்பு இருக்கும் என்று யூட்யூபில் பார்த்தேன். அதை நீ எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டாயா, மறந்துவிட்டாயா?

பக்கத்து மேஜைத் தங்கப்பொண்ணு உன் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை. "அக்கா, நீங்க போனா நானும் வாரேன். எனக்கு யாரு இருக்கா, கேக்குறதுக்கு? எம்புட்டுத் தண்ணினு ஒருக்காப் பாத்துட்டு வந்துருவோம்" என்கிறாள். நான் போகவில்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். அவள் அதற்குள் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டாள்.

போன வாரம் விடிய விடிய மழை. காலையில் ஒரு கனவு. கண்மாய் நிரம்பி வழிந்து விளாங்குடித் தெருவெல்லாம் தண்ணீர். என் வீடு மெல்லக் கிளம்பித் திண்டுக்கல் ரோட்டில் மிதந்து போகிறது. பரவை மார்க்கெட் தாண்டும்போது வெங்காய மூட்டைகள் இரண்டு பக்கமும் கூடவே வருகின்றன. ஊரில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் உட்கார்ந்தபடி மிதக்கிறார்கள். பாதிப் பேருக்குத் திருப்பத் தெரியவில்லை, மோதிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் நன்றாக வந்தது, உட்கார்ந்தே நகர்ந்து பழக்கம். யாருக்கும் அவசரம் இல்லை. யாரும் என்னைக் குனிந்து பார்க்கவில்லை.

எழுந்து பார்த்தால் வாசலில் வழக்கமான சேறுதான். பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டரில் ஏறி வேலைக்குப் போனேன். அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து இரண்டு நல்ல வாஷரைக் கீறல் என்று எறிந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. உன்னால்தான்.

பாண்டீஸ்வரி


கொச்சி
7 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டில் இருபத்தொரு அங்குலம். ஆடும்போது இரண்டு பிரேக்கையும் போட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும், ராத்திரி கட்டில் காலோடு ஒரு பெல்ட்டால் கட்டிவிட்டால் போதும். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் நீயே கொண்டு வா, இங்கே கிடைக்காது. மாத்திரையைப் பெட்டியில் வைக்காதே, மடியில் இருக்கும் பையில் வை. பெட்டியை வாங்கிக்கொண்டு போனால் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

இரும்பு வரம்பை மறக்கவில்லை. அது எவ்வளவு தொந்தரவு என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. போன புதன்கிழமை மத்தியானம் பயணிகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கப்பலில் இருக்கும் சக்கர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்துகொண்டேன். காலைக் கீழே வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 6114-லிருந்து சாப்பாட்டுக் கூடம், அங்கிருந்து மேல்தளம்.

இந்தக் கப்பலில் நாலு வருஷமாக நடக்கிறேன். அன்றைக்குத்தான் இதில் ஏற்றம் இறக்கம் இருப்பதே தெரிந்தது. கம்பளம் விரித்த நடைபாதையில் சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிட்டது. தட்டு எடுக்கும் மேஜை என் மூக்கு உயரம். மேல்தளக் கதவு கனம், அதைத் திறந்து பிடித்தால் நாற்காலியைத் தள்ளக் கை இல்லை. வரம்பு மூன்று அங்குலம். முன்னால் போனால் ஏறவில்லை, இடித்து இடித்து நின்றது. நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றிப் பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சமையல்கட்டில் வேலை செய்யும் காசிமாயன் வந்தான். உசிலம்பட்டிக்காரன், என்மேல் உயிரையே வைத்திருப்பவன். "அண்ணே, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்று சொல்லி, இன்னொருத்தனையும் கூப்பிட்டு, நாற்காலியோடு என்னைத் தூக்கிவிட்டான். என் தலை எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை. "எறக்குடா" என்றேன். சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். இன்னும் உயரத் தூக்கினார்கள். மூன்றாவது தடவை கத்தினேன். கத்தியது என் குரல் மாதிரி இல்லை அக்கா. உன் குரல் மாதிரி இருந்தது.

இறக்கி வைத்துவிட்டு அவன் சிரித்த முகத்தோடு நின்றான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாசத்தில்தான் செய்தான். நான் நடக்கத் தெரிந்தவன், எழுந்து வந்துவிட்டேன்.

இத்தனை நாள் மகாலில் நீ சொன்னது என் காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தேன். விழுந்திருக்கிறது. மூன்று "எறக்குடா"வும் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாவதைச் சொல்லும்போது உனக்குக் குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டேதான் படி ஏறியிருக்கிறேன். மேடை மேலே, லிஃப்ட் இல்லை என்பதும் முன்பே தெரியும். "தூக்கிக்கலாம், என்ன இப்போ" என்று நினைத்துத்தான் உன்னிடம் "கீழ்தளம்" என்று சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் கப்பல் தீவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். படகு ஆடும், சொந்தக் காலில் எட்டு வைத்து இறங்க முடிந்தவர்களைத்தான் விடுவார்கள். அன்றைக்கு நீ தீவுக்குப் போக முடியாது. எல்லோரும் போவார்கள், நீ கப்பலில் இருப்பாய். இந்தத் தடவை முன்கூட்டியே உண்மையைச் சொல்கிறேன். இதற்குமேல் உன் விருப்பம்.

சிவா


விளாங்குடி
18 டிசம்பர் 2024

தம்பி சிவக்குமாருக்கு,

உன் கடிதத்தை மேஜை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை.

அழுதேன் என்று எழுதினால் நீ அதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்வாய். அதனால் எழுதவில்லை.

தீவு இல்லையென்றால் போகட்டும். ராமேஸ்வரத்தில் மண் வரைக்கும் போய்க் கடலைச் சரியாகப் பார்க்காமல் வந்தேன். இந்தத் தடவை கடலுக்குள் போய் மண்ணைப் பார்க்காமல் வருகிறேன். வாரேன் என்று தங்கப்பொண்ணுவிடம் சொன்னேன். அவள் மெஷின் ஓடும்போதே குலவையிட்டாள். சூப்பர்வைசர் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்.

ஆனால் என் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள். என் சபதம் அப்படியே இருக்கிறது. கப்பலிலும் உன்னோடு பேச மாட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதித் தங்கப்பொண்ணு கையில் கொடுத்தனுப்புவேன். என் நாற்காலியின் பிடியை நீயோ உன் காசிமாயனோ கேட்காமல் தொடக் கூடாது. கேட்டு, நான் தலையசைத்தால் தள்ளலாம். தலையசைக்காவிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். நான் நேரம் எடுத்துக்கொள்வேன். நீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

கப்பலில் ஆபத்து வந்தால் லிஃப்ட் நிற்குமாமே? அப்போது தூக்கித்தான் இறக்குவார்களாம். கப்பல் மூழ்கினால் மட்டும் தூக்கலாம். இதை அனுமதியாக வைத்துக்கொள்.

வாடகைக் கார் ஓட்டும் விருமாண்டி வண்டியில் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிக் கொச்சியில் தங்குகிறோம். மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நேராகக் கப்பலேற என் இடுப்பு ஒப்புக்கொள்ளாது.

அக்கா


கப்பல், 6114
18 ஜனவரி 2025

தம்பிக்கு,

ஏறிவிட்டேன். பார்த்திருப்பாய், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாயே. கூட்டத்துக்கு முன்னால் எங்களை விட்டுவிட்டார்கள். கப்பலேறும் பலகையின் சரிவு அதிகம். ஒரு பையன் வந்து "மேடம், தள்ளட்டுமா?" என்று கேட்டான். கேட்டான் பார், அதற்காகவே தலையசைத்தேன்.

நீ சொன்ன வெளிச்சம் கூரையில் நெளிகிறது. படுத்துக் கிடக்கிறேன். தங்கப்பொண்ணு கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் நிற்கிறாள். "யக்கா, இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?" என்று கடலையே கோபித்துக்கொள்கிறாள்.

கட்டிலும் நாற்காலியும் சரியாக ஒரே உயரம்.

அக்கா


கப்பல், ஊழியர் தளம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாட்டுக் கூடத்துக்கு எட்டரைக்குப் போகாதே, நெரிசல். ஒன்பதே முக்காலுக்குப் போனால் ஜன்னலோர மேஜை காலியாக இருக்கும். தட்டு எடுக்கும் மேஜை உயரம் என்பதால் பரிமாறுகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அவளாக எடுத்து வைக்க மாட்டாள், நீ காட்டினால்தான் வைப்பாள்.

நேற்று மாலை மேல்தள வரம்பைப் பின்பக்கமாக ஏறிக் கடந்தாய். நான் துணிவண்டி தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றேன். ஐந்து முயற்சி. கை இரண்டும் பின்னால்தான் இருந்தது. பார்த்தாயா?

நாளைக்குத் தீவு. எனக்கு மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். ஒன்று காட்ட வேண்டும். மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பத்தரைக்கு. விருப்பமிருந்தால் வா. பழைய நைட்டி ஒன்று போட்டுக்கொண்டு வா.

சிவா


கப்பல், 6114
19 ஜனவரி 2025

தம்பிக்கு,

பார்த்தேன். நாலாவது முயற்சியில் உன் கை கொஞ்சம் முன்னால் வந்தது. அப்புறம் திரும்பிப் போய்விட்டது.

நைட்டி எதற்கு என்று எழுதவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா


கொச்சி
23 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தீர்கள் என்று அன்னக்கொடி சொன்னாள். நீ இறங்கும்போது எனக்கு மேலே வேலை. ஜன்னல் வழியாக விருமாண்டி வண்டி கிளம்புவதைத்தான் பார்த்தேன்.

ஒரு விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கு எல்லோரும் தீவுக்குப் போய்விட்டார்கள். தங்கப்பொண்ணுவையும் நீதான் விரட்டி அனுப்பினாய். கப்பல் அசையாமல் நின்றது. நீ வர மாட்டாய் என்று நினைத்தேன். பத்தே முக்காலுக்கு லிஃப்ட் திறந்தது. நீலப்பூப் போட்ட நைட்டி. குளத்தின் ஓரத்தில் அந்த இறக்கி ஏற்றும் இருக்கையைப் பார்த்தாய். காவலுக்கு நிற்கும் பெண் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு விலகிக்கொண்டாள். இரண்டு பொத்தான் இருக்கும் ரிமோட்டை உன் கையில் கொடுத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

நீ ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தேன். அப்புறம் நீயே பொத்தானை அழுத்தினாய். நீயே தண்ணீருக்குள் இறங்கினாய். நீயே பெல்ட்டை அவிழ்த்தாய். கம்பியை விட்டாய். உன் கால்கள் மேலே மிதந்து வந்தன. கண்ணை மூடிக்கொண்டாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தீவுப் பக்கமிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போது சொன்னாய், "உப்புக் கரிக்குது."

"கடல் தண்ணிக்கா. அதத்தான் உள்ள விடுவாக" என்றேன். அதன்பிறகு நீ ஒன்றும் பேசவில்லை. கப்பலை விட்டு இறங்கும்வரை பேசவில்லை.

ஐந்து வருஷமாக நீ பேசினால் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். திட்டுவாய் என்று நினைத்தேன். இதை நினைக்கவில்லை. அக்கா, அதை என்னிடம் சொன்னாயா, இல்லை உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயா?

வரும் புதன்கிழமையோடு இங்கே கடைசிப் பயணம் முடிகிறது. அதன்பிறகு ஒரு வாரம் கப்பல் கொச்சியிலேயே நிற்கும், அப்புறம் கிளம்பும்.

சிவா


விளாங்குடி
28 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

கப்பல் கிளம்புவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

வந்து ஆறு நாள் ஆகப்போகிறது. இன்னும் தரை ஆடுகிறது. வாஷரை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாகக் கடல் தெரிகிறது. தங்கப்பொண்ணு தீவிலிருந்து கொண்டு வந்த சங்கை எல்லோர் காதிலும் வைத்துக் காட்டுகிறாள். அவள் சொல்லும் கதையில் திமிங்கலமெல்லாம் வருகிறது. நான் திருத்தவில்லை.

அந்தத் தண்ணீரில் என்ன நடந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். என் கால்களை நாற்பத்தெட்டு வருஷமாக நான்தான் சுமந்திருக்கிறேன். கையால் எடுத்து வைத்து, கையால் மடக்கி, கையால் நீட்டி. அன்றைக்கு அவை என்னைக் கேட்காமல் தாமாக மேலே வந்தன. கண்ணைத் திறந்து பார்த்தேன், என் பாதம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கனம் இல்லை. எனக்கே கனம் இல்லை. கனவில் வீட்டோடு மிதந்தது மாதிரிதான், ஆனால் முழித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தூக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது சிவா. அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்த்து நிற்கிறாய்.

சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே போய்விட்டது.

யாரிடம் சொன்னேன் என்று கேட்கிறாய். அங்கே உன்னைத் தவிர யார் இருந்தார்கள்?

மகால் படிக்கட்டின் கீழே ஒன்று சொன்னேன். ஐந்து வருஷம் காப்பாற்றினேன். இப்போது வேறொன்று சொல்கிறேன், இதையும் காப்பாற்றுவேன். இனிமேல் உனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் செய்.

அக்கா